மலிவு டிக்கெட்டா, முழுச் சேவை டிக்கெட்டா: விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது

ஒரே நாளில், ஒரே ஊருக்கு விமான டிக்கெட் தேடினால் பெரும்பாலும் நான்கு விதமான விலைகள் வந்து நிற்கும். முதலாவது, மலிவு விமான நிறுவனத்தின் வெறும் டிக்கெட். ஆளும், காலடியில் வைக்கிற அளவுக்கு ஒரு சின்னப் பையும் போகலாம், அவ்வளவுதான். இரண்டாவது, அதே நிறுவனம் பெரிய பை, சீட் தேர்வு, முதலில் ஏறும் வசதி எல்லாவற்றையும் சேர்த்துத் தரும் தொகுப்பு டிக்கெட். மூன்றாவது, பழைய பெரிய நிறுவனங்கள் மலிவு நிறுவனங்களோடு போட்டி போடக் கொண்டுவந்த ‘பேசிக்’ டிக்கெட். நான்காவது, அதே பெரிய நிறுவனங்களின் வழக்கமான டிக்கெட்.

எல்லோருடைய கண்ணும் முதலில் போவது சிறிய எண்ணின் மேல்தான். அதில் தப்பில்லை. ஆனால் அந்த எண் எப்படிச் சிறியதானது என்று தெரியாமல் இந்த நான்கையும் ஒப்பிடவே முடியாது. விமானத்தை வேகமாகச் சுழற்றி மிச்சப்படுத்திய காசு வேறு, நம் வேலையாகவும் நம் அபராதமாகவும் மாற்றிவிட்ட காசு வேறு. முதல் வகைச் சிக்கனம் நமக்கு லாபம். இரண்டாம் வகை, நமக்குத் தெரிந்து நடந்தால் லாபம், தெரியாமல் நடந்தால் நஷ்டம். நான் டிக்கெட்டுகளை ஒப்பிடும்போது பிடித்துக்கொள்வது இந்த ஒரு நூலைத்தான்.

நமக்கு வலிக்காத சிக்கனம்

அமெரிக்காவின் சௌத்வெஸ்ட் 1971இல் டெக்சாஸ் மாநிலத்துக்குள் பறக்கத் தொடங்கியது. மறு ஆண்டே பண நெருக்கடி வந்து, இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. நான்கு விமானங்களுக்குப் போட்டிருந்த அட்டவணையை மூன்றை வைத்து ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள். தரையிறங்கிய விமானம் பத்து நிமிடத்தில் மறுபடி கிளம்பினால்தான் அது நடக்கும். நடத்திக் காட்டினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் மலிவு விமானச் சேவைக்கு அடித்தளம் அந்தப் பத்து நிமிடம்தான். நிற்கிற விமானம் காசு தின்னும், பறக்கிற விமானம்தான் சம்பாதிக்கும். ஒரு நாளில் ஒரு விமானம் கூடுதலாக இரண்டு முறை போய்வந்தால், அதன் வாடகை, காப்பீடு எல்லாம் அத்தனை அதிகப் பயணிகளுக்குப் பகிர்ந்து போகும்.

அப்புறம், ஒரே ரக விமானம். சௌத்வெஸ்ட் போயிங் 737, பிரிட்டனின் ஈஸிஜெட் ஏர்பஸ் ஏ320 குடும்பம் என்று பிடித்துக்கொண்டால் விமானிகளுக்குப் பயிற்சி ஒன்று, உதிரிப் பாகம் ஒன்று, மெக்கானிக்குகளுக்குத் தெரிய வேண்டிய விஷயமும் ஒன்று. ஒரு விமானம் பழுதானால் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தலாம், சீட் எண்ணிக்கைகூட பெரிதாக மாறாது.

அயர்லாந்தின் மலிவு நிறுவனமான ரயன்ஏர் 1990களின் தொடக்கத்தில் சௌத்வெஸ்ட்டைப் பார்த்துப் படித்தது, பிறகு அதையும் தாண்டிப் போனது. அதன் போயிங் 737-800 விமானங்களில் முன்வாசலிலேயே மடங்கும் படிக்கட்டு உண்டு. வந்து நின்றதும் படி இறங்கும், விமான நிலையத்தின் பாலத்துக்கு வாடகை கொடுக்க வேண்டாம், படிவண்டிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சீட் பின்னால் சாயாது, முன்சீட்டின் முதுகில் சாமான் செருகும் பை கிடையாது, பாதுகாப்புக் குறிப்பை முன்சீட்டின் தலைப்பகுதியிலேயே ஒட்டியிருப்பார்கள். சாய்கிற பொறி இல்லையென்றால் பழுது பார்க்க எதுவும் இல்லை. பை இல்லையென்றால் அதில் யாரும் குப்பை திணிக்க முடியாது, சுத்தம் செய்ய ஆகும் நேரம் குறையும். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு இது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

சில சிக்கனங்கள் உண்மையிலேயே வியக்க வைக்கும். 2022 கோடையில் பணியாளர் பற்றாக்குறை வந்தபோது ஈஸிஜெட் தன் ஏ319 விமானங்களில் கடைசி வரிசையைக் கழற்றியது. 156 சீட் இருந்த இடத்தில் 150 ஆயிற்று. சீட்டைக் குறைத்தால் எப்படி மிச்சம் என்று தோன்றும். 50 சீட்டுக்கு ஒரு விமானப் பணியாளர் என்பது விதி. 156 சீட்டுக்கு நான்கு பேர் வேண்டும், 150க்கு மூன்று பேர் போதும். நான்காவது ஆள் கிடைக்காமல் விமானமே ரத்தாவதைவிட ஆறு சீட்டை விட்டுக்கொடுப்பது மேல். பயணிக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இண்டிகோவும் 2022இல் இறங்குவதற்கு மூன்றாவது வாசலையும் திறந்துவிடத் தொடங்கியது. சில நிமிடங்கள் அவர்களுக்கு மிச்சம், நாமும் சீக்கிரம் வெளியே வருகிறோம்.

இதெல்லாம் மலிவு நிறுவனங்களுக்கு மட்டும் சொந்தமான புத்தியும் அல்ல. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1980களில் சாலட் தட்டிலிருந்து ஒரு ஆலிவ் காயை எடுத்துவிட்டு ஆண்டுக்கு 40,000 டாலர் மிச்சப்படுத்தியது என்று விமானத் துறையில் இன்னும் சொல்வார்கள். யுனைடெட் ஏர்லைன்ஸ் 2018இல் விமானத்துக்குள் வைக்கும் தன் பத்திரிகையை மெல்லிய தாளில் அச்சிட்டதில் ஆண்டுக்கு 1,70,000 காலன் எரிபொருள் மிச்சமானது. நூற்றுக்கணக்கான விமானங்கள், தினமும் ஆயிரக்கணக்கான பயணங்கள் என்று வரும்போது கிராம் கணக்குகூடப் பெரிய தொகையாகிவிடும்.

பேச்சோடு நின்ற யோசனைகள்

ரயன்ஏரின் தலைவர் மைக்கேல் ஓலியரி 2009இல், விமானக் கழிவறைக்குக் காசு போட்டுத் திறக்கும் பூட்டு வைக்கலாம் என்றார். மறு ஆண்டு, நின்றுகொண்டே பயணம் செய்யும் இடங்கள் என்றார். கழிவறைகளின் எண்ணிக்கையைக் குறைத்து அந்த இடத்திலும் சீட் போடுவது என்ற பேச்சும் வந்தது. சீனாவின் ஸ்பிரிங் ஏர்லைன்ஸும் நிற்கும் இடங்கள் பற்றிப் பேசியது. இத்தாலியின் ஏவியோஇன்டீரியர்ஸ் என்ற சீட் தயாரிக்கும் நிறுவனம் 2010இலும் 2018இலும் சேணம் போன்ற அரை நிற்பு சீட்டைச் செய்தே காட்டியது. இன்றுவரை எந்த விமான நிறுவனமும் அதைப் பொருத்திப் பறந்ததில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விமான சீட் 16 மடங்கு ஈர்ப்பு விசைக்குச் சமமான அதிர்ச்சியைத் தாங்கும் என்று சோதித்துக் காட்ட வேண்டும். வாசல்களில் பாதி மட்டும் திறந்திருக்கும் நிலையில், 90 நொடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்ட வேண்டும். அதனால் ஒரு விமானத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை முடிவு செய்வது சீட்டின் நெருக்கம் மட்டுமல்ல, வாசல்களும்தான். போயிங் 737-800க்கு அந்த உச்சவரம்பு 189 பேர். ரயன்ஏர் ஏற்கெனவே சரியாக 189 சீட் போட்டுத்தான் ஓட்டுகிறது. நிற்க வைத்தாலும் கூடுதலாக ஓர் ஆளைக்கூட ஏற்ற முடியாது. பின்னால் வாங்கிய 737 மேக்ஸ் ரகத்தில் 197 சீட் போட முடிந்ததென்றால், அதற்காக விமானத்திலேயே கூடுதலாக ஒரு ஜோடி வாசல் வைத்தார்கள்.

இப்படிப்பட்ட அறிவிப்புகளைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. பாதுகாப்பு விதி நிற்கும் இடத்தில் சிக்கனமும் நின்றுவிடுகிறது. இந்த அறிவிப்புகளால் நிறுவனத்துக்குக் கிடைத்தது செலவில்லாத விளம்பரம். ‘அவர்களா, அவர்கள் எதற்கும் காசு வாங்குவார்கள், ஆனால் டிக்கெட் மலிவு’ என்று உலகமே பேசியது.

எடைக்குத் தக்க கட்டணம் மட்டும் நிஜமாகவே நடந்தது. சமோவா ஏர் 2013இல் ஆளையும் பையையும் சேர்த்து நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கியது. தீவுகளுக்கு நடுவே பத்துப் பேர் அளவில் ஏறும் குட்டி விமானங்கள் அவை, அங்கே ஒவ்வொருவர் எடையும் நிஜமாகவே கணக்கில் வரும். பெரிய விமானத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. இதே எடைக் காரணத்தைச் சொல்லி, இனிமேல் பெண்களை மட்டுமே விமானப் பணிக்கு எடுப்போம் என்று 2013இல் இந்தியாவின் கோஏர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே சிக்கனத்தின் சுமை ஒருவருடைய வேலை வாய்ப்பின் மேல் போய் விழுகிறது.

இன்னொரு சம்பவம். லண்டனின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்ட பயணியிடம் 18 பவுண்டு வாங்கிய வழக்கில் 2004இல் ரயன்ஏருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. நிறுவனம் உடனே எல்லா டிக்கெட்டிலும் 50 பென்ஸ் ஏற்றியது. அதன்பின் ஐரோப்பாவில், நடக்க முடியாதவர்களுக்கான உதவிக்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. வயதானவர்களுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் மலிவு டிக்கெட் எடுத்தாலும் இந்த உதவி இலவசம்தான், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பைக்கு ஏன் இவ்வளவு காசு

ஒப்பீட்டின் மையம் பைதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

செக்-இன் பைக்குக் காசு என்பது புது யோசனை இல்லை. 1981இல் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பைக்கு 3 டாலர் வாங்கியது, டிக்கெட் காசையே விமானத்துக்குள் வந்து வசூலித்தது. எரிபொருள் விலை ஏறிய 2008இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பைக்கே 15 டாலர் என்றது. 2010இல் அமெரிக்க மலிவு நிறுவனமான ஸ்பிரிட் தலைக்கு மேல் வைக்கும் பைக்கும் கட்டணம் என்றது. ‘பை இலவசம்’ என்பதையே அரை நூற்றாண்டாகத் தன் அடையாளமாக வைத்திருந்த சௌத்வெஸ்ட்டும் 2025 மே மாதத்தில் முதல் பைக்கு 35 டாலர் என்று மாறியது.

காரணம் கேட்டால் எரிபொருள் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூடுதலாக ஏற்றும் எடைக்கு, பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்த எடையில் ஏறக்குறைய 3 சதவீத அளவு எரிபொருள் கூடுதலாக எரியும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. 10 கிலோ பை, இரண்டு மணி நேரப் பயணம் என்றால் 600 கிராம். ஒரு லிட்டருக்கும் குறைவு. பைக் கட்டணத்தில் ஒரு துளிதான் இது.

நிஜக் காரணங்கள் வேறு. முதலாவது நியாயமானது: காசு என்றதும் பலர் பையைக் குறைத்துக்கொள்கிறார்கள். செக்-இன் மேசை குறைகிறது, பை ஏற்றி இறக்கும் ஆள் குறைகிறது, விமானம் சீக்கிரம் திரும்புகிறது. இந்த மிச்சத்தில் ஒரு பங்கு உண்மையிலேயே டிக்கெட் விலையில் இறங்குகிறது. பை இல்லாமல் போகிறவர் அடுத்தவரின் பைக்குக் காசு கட்டத் தேவையில்லை என்பதும் சரியான வாதம்தான்.

இரண்டாவது காரணம் தேடல் திரை. விலை வரிசையில் முதலில் வருவதுதான் விற்கும். 60க்கு விற்பதை 30 என்று காட்டி, மீதி 30ஐ அடுத்த நான்கு பக்கங்களில் வாங்கினால் வரிசையில் முதலிடம் கிடைக்கும். அமெரிக்காவில் இன்னொரு லாபமும் உண்டு. உள்நாட்டு டிக்கெட் விலைக்கு 7.5 சதவீத வரி இருக்கிறது, பைக்கும் சீட்டுக்கும் தனியாக வாங்கும் கட்டணத்துக்கு அந்த வரி இல்லை. ஆக, விலையைப் பிரித்து வாங்கினாலே நிறுவனத்துக்கு மிச்சம். ரயன்ஏரின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கு வெளியேயான இப்படிப்பட்ட வரவு. அமெரிக்காவின் ஐந்து நிறுவனங்கள் 2018 முதல் 2023 வரை சீட் கட்டணமாக மட்டும் 1,240 கோடி டாலர் வாங்கியிருக்கின்றன என்று அந்நாட்டு செனட் குழு 2024 நவம்பரில் சொன்னது.

மூன்றாவது, என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது: பிடிபட்டால் அபராதம் என்ற முறை. கேட் அருகே, பையின் அளவைச் சரிபார்க்கும் அந்த உலோகக் கூட்டைப் பார்த்திருப்பீர்கள். வரிசை நகர்கிறது, ஒருவரைத் தனியே கூப்பிடுகிறார்கள். பை உள்ளே இறங்குகிறது, சக்கரம் மட்டும் ஒரு விரல் அளவுக்கு வெளியே நிற்கிறது. அவர் அழுத்துகிறார், திருப்பி வைத்து மறுபடி அழுத்துகிறார். பின்னால் நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து, போட்டிருக்கும் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொள்கிறார். சக்கரம் அப்போதும் இறங்கவில்லை. கார்டு மெஷின் தயாராக இருக்கிறது. வீட்டிலிருந்தே வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகை போல இரண்டு மூன்று மடங்கு அங்கே கேட்கப்படுகிறது. விமானம் கிளம்ப இருபது நிமிடம் இருக்கும்போது யாரும் பேரம் பேச முடியாது.

பிடிக்கிற ஊழியருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. பெரிய பை ஒன்றைப் பிடித்தால் கொடுத்த 1.50 யூரோவை ரயன்ஏர் 2025 நவம்பரில் 2.50 யூரோ ஆக்கியது, மாதத்துக்கு இவ்வளவுதான் என்றிருந்த வரம்பையும் எடுத்தது. அமெரிக்காவின் ஃபிரான்டியரும் ஸ்பிரிட்டும் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இப்படி 2.6 கோடி டாலர் கொடுத்ததாக அதே செனட் அறிக்கை சொல்கிறது. விதியை மீறினால் கட்டத்தான் வேண்டும் என்பது சரி. ஆனால் பயணி தவறினால்தான் கூலி என்று ஓர் ஊழியரை நிறுத்தி வைப்பது சேவை ஆகாது.

சட்டம் எந்தப் பக்கம் என்றால், இன்னும் தீரவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல், செக்-இன் பைக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம், ஆனால் நியாயமான அளவும் எடையும் உள்ள கைப்பை பயணத்தின் அவசியமான பகுதி, அதற்குக் கூடுதலாக வாங்கக் கூடாது என்றது. ‘நியாயமான அளவு’ எது என்பதில்தான் சண்டை. கைப்பைக் கட்டணம் உள்ளிட்ட காரணங்களுக்காக ஸ்பெயின் அரசு 2024 நவம்பரில் ஐந்து நிறுவனங்களுக்குச் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது, ரயன்ஏருக்கு மட்டும் 10.8 கோடி. நிறுவனங்கள் நீதிமன்றம் போயிருக்கின்றன. ரயன்ஏர் 2025இல் இலவசப் பையின் அளவை 40 x 30 x 20 செ.மீ. என்று கொஞ்சம் பெரிதாக்கியது. ஆனாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும். போகும்போது ஒரு நிறுவனம், வரும்போது வேறு என்று எடுத்தால் இரண்டில் சிறிய அளவுக்குத்தான் பை வாங்க வேண்டும்.

நான்கையும் பக்கத்தில் வைத்தால்

மலிவு நிறுவனத்தின் வெறும் டிக்கெட் ஒரு ஒப்பந்தம். செக்-இன் நீங்களே செய்ய வேண்டும், அளவை நீங்களே அளக்க வேண்டும், பெயரை எழுத்துப் பிசகாமல் நீங்களே போட வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் அதைவிட மலிவாக யாராலும் கொண்டுபோய் விட முடியாது. ஒன்று தவறினாலும் அந்த மிச்சம் முழுக்கப் போய்விடும். இணையத்தில் செக்-இன் செய்யாமல் நேரே விமான நிலையம் போனால் ரயன்ஏர் 55 யூரோ வரை வாங்கும், பல சமயம் டிக்கெட் விலையைவிட அது அதிகம். 2025 நவம்பர் 12 முதல் அங்கே காகித போர்டிங் பாஸும் கிடையாது, போனில் காட்ட வேண்டும். தனி ஆள், முதுகில் ஒரு பை, நேரடி விமானம், போனில் இதெல்லாம் செய்து பழகியவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். எனக்கென்றால் இதைத்தான் எடுப்பேன். என் பெற்றோருக்கு எடுக்க மாட்டேன்.

தொகுப்பு டிக்கெட்டைப் பலர் ஏமாற்று வேலை என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பை நிச்சயம் உண்டு, சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் தனித்தனியாக வாங்குவதைவிடத் தொகுப்பு பல நேரம் மலிவாகவே இருக்கும், கேட்டில் பதற்றமும் இல்லை. ஆனால் அதை ஒப்பிட வேண்டியது அதே நிறுவனத்தின் வெறும் டிக்கெட்டோடு அல்ல, பெரிய நிறுவனத்தின் வழக்கமான டிக்கெட்டோடு. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: வெறும் டிக்கெட் 30 யூரோ, பை 28, சீட் 9, ஊருக்குள் போக பஸ் 17. மொத்தம் 84. பெரிய நிறுவனம் ஊருக்குப் பக்கத்து விமான நிலையத்தில் 95க்கு இறக்கிவிட்டால், 11 யூரோ வித்தியாசத்துக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பஸ் கட்டணத்தைச் சும்மா சேர்க்கவில்லை. மலிவு நிறுவனங்கள் வாடகை குறைந்த, தூரத்து விமான நிலையங்களில் இறங்குவதும் சிக்கனத்தில் ஒரு பகுதி. பாரிஸ் என்று விற்கப்படும் போவே விமான நிலையம் நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா ஏறக்குறைய 100, ஃபிராங்ஃபர்ட் ஹான் ஏறக்குறைய 120. ராத்திரி பதினொன்றுக்கு அங்கே இறங்கி, கடைசி பஸ் போய்விட்டதென்றால் டாக்சிக்கு ஆகும் செலவு டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. நேரத்தின் மதிப்பையும் அவரவர்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெரிய நிறுவனத்தின் பேசிக் டிக்கெட்டைப் பார்த்தால் பெரிய பெயர் இருக்கும், உள்ளே வசதி ஒன்றும் இருக்காது. சீட் தேர்வு இல்லை, மாற்றம் செய்வது கஷ்டம், யுனைடெட் போன்ற சில இடங்களில் உள்நாட்டுப் பயணத்துக்கு மேல் தட்டில் வைக்கும் பைகூடக் கிடையாது. நேரடிப் பயணம் என்றால் இதற்கும் மலிவு நிறுவனத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை, விலை குறைந்ததை எடுக்கலாம். ஆனால் நடுவில் விமானம் மாற வேண்டும் என்றால் கதை வேறு. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு மலிவு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கி நாமே இணைத்துக்கொண்டால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நாம் வராத பயணி, புது டிக்கெட்தான். மாறிப் போகும் பயணத்துக்கு மலிவு டிக்கெட்டுகளை ஒட்டுப்போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், இடையில் ஓர் இரவு தங்கிப் போகிறவர்களைத் தவிர.

ரத்தானாலும் தாமதமானாலும் என்ன கிடைக்கும்? ஐரோப்பாவில் 2004இல் வந்த விதிப்படி, நிறுவனத்தின் தவறால் ரத்து அல்லது நீண்ட தாமதம் ஆனால் தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ இழப்பீடு உண்டு. டிக்கெட் 20 யூரோவுக்கு வாங்கியதாக இருந்தாலும் அதே தொகைதான். இந்த விஷயத்தில் மலிவுப் பயணி இளைத்தவர் அல்ல. வித்தியாசம் வேறு இடத்தில் வரும்: பெரிய நிறுவனத்துக்கு அன்றைக்கே இன்னொரு விமானமோ, கூட்டாளி நிறுவனத்தின் சீட்டோ இருக்க வாய்ப்பு அதிகம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பறக்கும் மலிவுத் தடத்தில் ஒரு விமானம் ரத்தானால் அந்த நிறுவனத்தின் அடுத்த விமானம் மூன்று நாள் கழித்துத்தான். கல்யாணம், பரீட்சை, விசா நேர்காணல், இறுதிச் சடங்கு போன்ற பயணங்களுக்கு நான்காவது டிக்கெட்டை எடுங்கள், அல்லது மலிவு டிக்கெட்டை ஒரு நாள் முன்னதாக எடுங்கள்.

நிறுவனமே மூடிவிட்டால்? பிரிட்டனின் லேக்கர் நிறுவனம் நடத்திய ஸ்கைட்ரெயின் என்ற மலிவுச் சேவை 1977இல் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டு என்று உலகைத் திரும்பிப் பார்க்க வைத்து, 1982 பிப்ரவரியில் திவாலானது. 2017இல் பிரிட்டனின் மோனார்க் விமான நிறுவனம் மூடியபோது வெளிநாட்டில் சிக்கிய சுமார் 1,10,000 பேரை பிரிட்டன் அரசு திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஸ்பிரிட் 2024 நவம்பரிலும் 2025 ஆகஸ்ட்டிலும் திவால் பாதுகாப்பு கேட்டது. முழுச் சேவை நிறுவனமான ஜெட் ஏர்வேஸும் 2019இல் நின்றுபோனது, ஆகவே மலிவு என்பது மட்டுமே ஆபத்து அல்ல. மாதக்கணக்கில் முன்னதாக வாங்கும் டிக்கெட்டைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும்.

குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சீட் வாங்காவிட்டால் கணினி எங்கே போடுகிறதோ அங்கேதான், நால்வரும் நான்கு மூலையில் உட்கார நேரலாம். சின்னக் குழந்தையைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார வைக்கச் சில நிறுவனங்களில் தனி விதி இருக்கிறது, அதை முதலில் படியுங்கள், பிறகு சீட் வாங்குங்கள். நான்கு பேர், இரண்டு பெரிய பை, நான்கு சீட், எல்லாம் போக வர இரண்டு முறை என்று கூட்டினால் வெறும் டிக்கெட்டின் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். குடும்பத்துக்கு நான் முதலில் பார்ப்பது நான்காவது டிக்கெட்டின் விலையைத்தான், அங்கிருந்து கீழே இறங்கி வருவேன். தனி ஆளுக்கு முதல் டிக்கெட்டிலிருந்து மேலே ஏறுவேன்.

முதலிரண்டு டிக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு வழியும் இருக்கிறது. போகும்போது கைப்பை போதும், வரும்போது சாமான் சேரும் என்றால் இருவழிக்கும் தொகுப்பு எடுக்காமல், திரும்பும் பயணத்துக்கு மட்டும் பையைச் சேர்க்கலாம். பெரும்பாலான மலிவு நிறுவனங்களில் ஒவ்வொரு வழியும் தனிக் கணக்குதான். டிக்கெட் எடுக்கும் நாளில் பை விலை பொதுவாகக் குறைவு, பிறகு சேர்த்தால் கொஞ்சம் கூடும், விமான நிலையத்தில் மிக அதிகம். ஆகவே சாமான் சேருமா என்று தெரியாவிட்டாலும் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு அறையில் பையைக் கட்டிப் பார்த்து, அளவு மீறினால் அங்கேயே போனில் வாங்கிவிடுங்கள். கேட் வரைக்கும் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.